முல்லையாற்றில் நீர்நாய்கள் இருந்த வருடம்

2001, சித்திரை. திண்டுக்கல்லில் காலைப் பேருந்தைப் பிடித்தேன். பெரியகுளத்தில் வடுகபட்டிக்காரர்கள் நாலைந்து பேர் பூண்டு மூட்டைகளோடு ஏறினார்கள். தேனி வரும்வரை வண்டி முழுக்கப் பூண்டு வாசனை. தேனியில் வண்டி மாறினேன். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று பள்ளத்தாக்குக்குள் போகப் போக இரண்டு பக்கமும் மலை நெருங்கி வந்தது. தேனியிலிருந்து கம்பம் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். இறங்கியபோது உச்சி வெயில்.

திண்டுக்கல்லில் எனக்குச் சொந்தமாக ஒரு ஸ்டுடியோ இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, பாஸ்போர்ட் போட்டோ என்று இருபது வருடம் மனித முகங்களையே எடுத்து அலுத்திருந்தது. ஒரே ஆற்றை ஒரு வருடம் முழுக்க, தண்ணீர் வற்றும்போதும் பெருகும்போதும், அதில் வாழும் உயிர்களோடு சேர்த்து எடுக்க வேண்டும் என்று ஆசை. உத்தமபாளையத்தில் ஒரு கல்யாணத்துக்கு வந்தபோது முல்லையாற்றைப் பார்த்திருந்தேன். அதையே எடுப்பது என்று முடிவு செய்தேன்.

கம்பத்தில் நூற்றிருபது ரூபாய்க்கு அறை கிடைத்தது. வாசலில் நின்ற ஆட்டோக்காரர் சையதிடம், ஆற்றில் பறவை, விலங்கு எங்கே பார்க்கலாம் என்று கேட்டேன். அவருக்கு என் வயதுதான் இருக்கும்.

"பறவை எங்கனயும் இருக்கும்ணே. நீர்நாய் பாக்கணும்னா காமயகவுண்டன்பட்டி போற வழியில ஒரு தோப்பு இருக்கு. ஆனா அந்த அக்கா விட்டாத்தான் உள்ள போகலாம்."

அந்த அக்கா லட்சுமி. ஆற்றின் வளைவில் அவருக்கும் கணவர் காளியப்பனுக்கும் ஒரு தென்னந்தோப்பும் கொஞ்சம் நெல் வயலும் இருந்தன. நான் போனபோது மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். என் கழுத்தில் தொங்கிய காமிராவையும் அதன் நீள லென்ஸையும் ஏற இறங்கப் பார்த்தார்.

"சுடுற சாமானா?"

"இல்லம்மா, படம் எடுக்கறது."

"சத்தம் போடாம உக்காந்திருப்பீகளா? உங்கள மாதிரி ரெண்டு பேரு வந்து கல்ல விட்டு எறிஞ்சு பாத்தாக. தொரத்தி விட்டுட்டேன்."

உட்கார்ந்திருந்தேன். சித்திரையில் ஆறு என்று சொல்ல அதிகம் இல்லை. குடிநீருக்காக விடும் தண்ணீர் பாறைகளுக்கு நடுவே மெலிந்து ஓடியது. ஆங்காங்கே பள்ளங்களில் குட்டையாகத் தேங்கி நின்றது. நீர்க்காகங்கள் சிறகை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தன. வெயில் தாழ்ந்தபோது எதிர்க்கரை நாணலிலிருந்து அவை வந்தன. பெரியவை இரண்டு, பின்னாலேயே வளர்ந்த குட்டிகள். தண்ணீருக்குள் போவதும் தெரியவில்லை, வெளியே வருவதும் தெரியவில்லை. ஒன்று கெளுத்தி மீனை இரண்டு கையாலும் பிடித்து, தலையிலிருந்து கடித்துத் தின்றது. மற்றவை பாறைமேல் புரண்டன, விசிலடிப்பதுபோல் ஒன்றையொன்று கூப்பிட்டன. படச்சுருள் தீர்ந்ததுகூடத் தெரியாமல் அமுக்கிக்கொண்டிருந்தேன்.

ஆனியில் மறுபடி போனேன். மேலே மலையில் அணையைத் திறந்துவிட்டிருந்தார்கள். மலையடிவாரத்து லோயர் கேம்ப்பிலிருந்தே ஆறு நுரைத்துக்கொண்டு இறங்கியது. சித்திரையில் நான் உட்கார்ந்திருந்த பாறை தண்ணீருக்கடியில் போயிருந்தது. பள்ளத்தாக்கு முழுக்க நடவு. எந்தப் பக்கம் லென்ஸைத் திருப்பினாலும் தண்ணீர் தேங்கிய வயல்களும் அதில் தலைகீழாக மலைகளும்.

பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்த்த செல்லம்மா அப்போதுதான் பழக்கமானார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். கொடியை நறுக்கும் கவாத்துக் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு, தண்ணீர் குடிக்கத் தோப்புக்கு வருவார். மகன் திருப்பூரில் வேலையாக இருந்தான். வீட்டில் அவர் ஒருவர்தான்.

"திண்டுக்கல்லுல நாயே கெடையாதா? இம்புட்டுத் தூரம் வந்து ஆத்து நாயப் படம் எடுக்கிறீக?" என்று கேட்டுவிட்டு, தன் கேள்விக்குத் தானே சிரித்தார். லட்சுமியும் சிரித்தார். இருவரும் ஒரே சொம்பில் அண்ணாந்து தண்ணீர் குடித்தார்கள்.

லட்சுமியின் தம்பி முருகேசனும் அந்த முறை பழக்கமானார். முப்பது வயது. மேலே கூடலூர்ப் பக்கம் குடியிருந்தார். தோட்டங்களுக்குப் பூச்சிமருந்து அடிப்பதும், தண்ணீர் குறைந்த மாதங்களில் மீன் பிடித்து விற்பதும் தொழில். அக்காள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் கை நிறைய ஏதாவது கொண்டுவருவார். என் காமிரா முக்காலியை அவரே தோளில் தூக்கிக்கொண்டு நாணல் வழியாக என்னை அழைத்துப்போனார். ஒரு பழைய மருதமரத்தின் வேருக்கடியில் இருந்த வளையைக் காட்டினார். இரண்டு விரலை வாயில் வைத்து நீர்நாய் போலவே விசிலடித்தார். உள்ளேயிருந்து பதில் வந்தது. அவர் முகம் மலர்ந்ததைப் படம் எடுத்தேன். கூச்சத்தில் கையால் மறைத்துக்கொண்டார்.

ஐப்பசிப் பயணம் வீண். உத்தமபாளையத்தில் பிடித்த மழை நான் இருந்தவரை விடவில்லை. சுருளி அருவியில் குளிக்கத் தடை போட்டிருந்தார்கள். சையதின் ஆட்டோ பாலம் வரைதான் போனது. பாலத்தின்மேல் செந்தண்ணீர் ஓடியது. வேரோடு பெயர்ந்த வாழைகளும், ஊதிப்போன ஓர் ஆடும் அதில் போயின. "திரும்பிருவோம்ணே. இந்தத் தண்ணி யாரையும் பாக்காது" என்றார் சையது. லாட்ஜ் ஜன்னலில் மழையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஊர் திரும்பினேன்.

பங்குனியில் போகும்போது, இந்த முறையோடு வேலை முடிந்தது என்ற எண்ணம். தண்ணீரை நிறுத்திவிட்டார்கள், ஆறு மறுபடி குட்டைகளாகி இருக்கும், நீர்நாய்களைக் கிட்டத்தில் எடுக்கலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். காலையில் கம்பத்தில் இறங்கினேன். சையது ஆட்டோவின் பின்சீட்டை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிறுத்தினார்.

"செல்லம்மா போயிருச்சுண்ணே."

எனக்குப் புரியவில்லை.

"நேத்துக் காலையில ஆத்துல மீனு செத்து மெதந்துச்சு. சின்ன மீனுக. எல்லாரும் யோசிச்சுக்கிட்டு நிக்க, அது மட்டும் மடியில அள்ளிட்டுப் போயி கொழம்பு வச்சுச் சாப்பிட்டிருக்கு. சாயந்தரம் வாயில நொரை. நான்தான் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்தேன். இங்க முடியாதுன்னு மதுரைக்கு அனுப்புனாக. ஆண்டிபட்டி தாண்டலயாம்."

அவர் ஆட்டோவிலேயே தோப்புக்குப் போனோம். ஆற்றை நெருங்குமுன்பே நாற்றம் வந்தது. குட்டையின் ஓரமெல்லாம் மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு ஒதுங்கியிருந்தன. ஒரு மீன்கொத்தி மல்லாந்து கிடந்தது. ஒரு தெருநாய் இன்னும் சாகாமல் காலை இழுத்துக்கொண்டிருந்தது. மருதமரத்து வேருக்குப் பக்கத்தில் நீர்நாய்கள் கிடந்தன. தாயின் வாயில் பாதி தின்ற மீன் இருந்தது. குட்டிகள் வளைக்குள் தலையை நீட்டியபடியே கிடந்தன. உள்ளே போய்விடலாம் என்று நினைத்திருக்கும்.

லட்சுமி கரையில் நின்றிருந்தார். அழவில்லை.

"படம் எடுங்க."

நான் காமிராவை எடுக்கவில்லை.

"எடுங்கங்கிறேன்ல. எல்லாத்தையும் எடுங்க. மீனு, நாயி, தண்ணி, அந்தா நாணலுக்குள்ள கெடக்குற மருந்து டப்பா. ஒண்ணு விடாம எடுங்க."

அவர் சொன்ன வரிசையிலேயே ஒவ்வொன்றாக எடுத்தேன்.

எடுத்து முடித்தபோது காளியப்பன் வந்தார். அதிகம் பேசாத மனிதர். மனைவியின் முகத்தைப் பார்த்ததுமே என்ன நினைக்கிறார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வேணாம் லட்சுமி. போனது போயிருச்சு. அவன் உன் கூடப் பொறந்தவன்."

அதன் பிறகுதான் லட்சுமி என் பக்கம் திரும்பி, நடந்ததைச் சொன்னார். முந்தின நாள் விடிந்தும் விடியாத நேரத்தில், சாணி அள்ளிக்கொண்டிருந்தவரிடம் முருகேசன் வந்திருக்கிறார். கால் முழங்கால்வரை ஈரம். கையில் மீன் பெட்டி. வாசலில் நின்றபடியே, "அக்கா, ரெண்டு மூணு நாளைக்கு மாட்ட ஆத்துப் பக்கம் ஓட்டாத. கெணத்துத் தண்ணியவே காட்டு" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. தம்பி சொன்னானே என்று மாட்டைத் தொழுவத்திலேயே கட்டிப்போட்டுவிட்டார்.

"என் மாடு பொழைச்சுக் கெடக்கு. எனக்குச் சொன்னவன், இந்தா பக்கத்துத் தோட்டம், செல்லம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கக் கூடாதா? அவ கையால எத்தனை நாளு சோறு வாங்கித் தின்னுருக்கான்!"

"அவனுக்குத் தெரியுமா, இது சாகும்னு?" என்றார் காளியப்பன்.

"மாடு சாகும்னு தெரிஞ்சிருக்கே."

காளியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோப்புக்குள் நடந்துவிட்டார்.

லட்சுமி என்னையும் கூட வரச் சொன்னார். சையது ஆட்டோவில் கம்பம் போனோம். தெரிந்த கலர் லேபில் அன்றே படங்களைக் கழுவி வாங்கினேன். அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு லட்சுமி காவல் நிலையத்துக்குள் போனார். அங்கே வயிற்றுப்போக்கு என்று முடித்துவிடும் மனநிலையில்தான் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் படங்களைப் பார்த்துவிட்டு, மருந்து கலந்தது யார் என்று தெரியுமா என்று கேட்டார். வாசலில் லட்சுமியின் அம்மா நின்றிருந்தார். செய்தி எப்படியோ எட்டி, கூடலூரிலிருந்து ஓடி வந்திருந்தார்.

"ஆத்தா, சொல்லிறாத ஆத்தா" என்று மகளைக் கூப்பிட்டார். "ஒரே ஆம்பளப் புள்ளை."

லட்சுமி ஒரு தடவை வாசலைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தம்பியின் பெயரைச் சொன்னார். அப்பா பெயரோடு, தெருவோடு சொன்னார்.

முருகேசனை அன்றைக்கே பிடித்துவிட்டார்கள். அவர் மறுக்கவில்லை. தண்ணீரில் மருந்தைக் கலக்கி மீன் பிடிப்பது எல்லாரும் செய்கிறதுதான், அளவு கூடிவிட்டது என்றாராம். சின்ன மீனை யார் எடுக்கப்போகிறார்கள் என்றுதான் விட்டுவிட்டுப் போனாராம். பெரிய மீன்களை விடியுமுன்பே லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தார். அவை எந்த ஊர்ச் சந்தையில் விற்றன, யார் வீட்டு அடுப்பில் வெந்தன என்று இன்றுவரை தெரியாது. நீர்நாய்களின் உடல்களை வனத்துறையினர் சாக்கில் கட்டி எடுத்துப்போனார்கள். செல்லம்மாவின் மகன் திருப்பூரிலிருந்து வந்து சேர்ந்தபோது சாயங்காலமாகிவிட்டது. அவன் நேராகத் தோப்புக்கு வந்தான். லட்சுமி வெளியே வந்து அவன் எதிரில் நின்றார். அவன் வணக்கம் போலக் கையைத் தூக்கிவிட்டுப் போனான்.

மறு வருடம், 2003 ஆனியில் ஒருமுறை போய்வந்தேன். படம் எடுக்க அல்ல. மதுரையில் என் படங்களைக் கண்காட்சியாக வைக்கிறேன் என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். பங்குனிப் படங்களை வைப்பதா வேண்டாமா என்று லட்சுமியிடம் கேட்க வேண்டியிருந்தது.

அணை திறந்து ஆறு கரை தொட்டு ஓடியது. தண்ணீர் கண்ணாடியாக இருந்தது. கொக்கும் நீர்க்காகமும் வந்துவிட்டன. திராட்சைத் தோட்டத்தில் வேறொரு பெண் கவாத்துச் செய்துகொண்டிருந்தார். புதிதாகப் பார்ப்பவருக்கு இங்கே எதுவும் நடந்ததாகத் தோன்றாது.

முருகேசன் ஜாமீனில் வந்து, வழக்கு நடந்துகொண்டிருந்தது. அக்காள் வீட்டுப் பக்கம் வருவதில்லை. தை மாதம் அவர்களுடைய அம்மா இறந்திருக்கிறார். பிறந்த வீட்டிலிருந்து சொல்லி அனுப்பவில்லை. சையது சொல்லித்தான் லட்சுமிக்குத் தெரிந்திருக்கிறது. போனபோது வாசலிலேயே மறித்துவிட்டார்கள். காளியப்பன் கூடவே போய், கூடவே திரும்பியிருக்கிறார்.

"இவரு ஒரு வார்த்தை கொறை சொல்லலை. அதுக்குமேல என்னத்தைக் கேக்க?" என்றார் லட்சுமி. படங்களைப் பற்றிக் கேட்டேன். "வையிங்க. ஆனா செத்தது செல்லம்மான்னு பேரைப் போடுங்க. சும்மா ஒரு பொம்பளைன்னு போட்டுறாதீக."

கிளம்பும்போது, நீர்நாய் ஏதாவது மறுபடி வந்ததா என்று கேட்டேன்.

"மாசியில ஒண்ணே ஒண்ணு வந்துச்சு. எங்கிருந்து வந்துச்சோ. அந்த மரத்தடியில போயி மோந்து மோந்து பாத்துச்சு. அப்புறம் கத்துச்சு. பதிலுக்குக் கத்த ஒண்ணும் இல்ல. ரெண்டு நாளு இங்கனயே கத்திக்கிட்டுத் திரிஞ்சுச்சு. என்னால கேட்டுக்கிட்டு இருக்க முடியல, வீட்டுக்குள்ள போயிக் கதவ அடைச்சுக்கிட்டேன். மூணாம் நாளு சத்தமில்ல. உத்தமபாளையத்துப் பக்கம் கீழ போயிருச்சுன்னாக."

திரும்பும் பேருந்தில் வீரபாண்டி தாண்டும்வரை ஆற்றையே பார்த்துக்கொண்டு வந்தேன். எங்கள் ஊருக்கு வெளியிலும் ஓர் ஆறு இருக்கிறது. சாயமும் சாக்கடையுமாகக் கறுத்து நிற்கும். அதில் என்னவெல்லாம் வாழ்ந்தன, கடைசியாக எது செத்தது என்று கேட்டால் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. யார் செய்தது என்று காவல் நிலையத்தில் போய்ச் சொன்னவரும் இல்லை.