எங்கள் பானரில் இன்னொருவர் ஆட்டம்

லண்டன் கிங்ஸ்பரியில் எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டம். தலைவர் வந்திருந்தார். பொருளாளர் வந்திருந்தார். நடன டீச்சர் வந்திருந்தார். நானும் இருந்தேன். வராதவர் ஒருவர்தான் — அந்தப் படத்தை வரைந்தவர். அவரை யாரும் கூப்பிடவில்லை.

என்ன படம்? ஆண்டு விழாவில் பிள்ளைகள் ஆடும் மேடைக்கு என்று அடித்து, மண்டபச் சுவரில் தொங்கவிட்ட பத்தடி பானர். ஆஸ்திரேலியப் பழங்குடிகள் மரப்பட்டையில் வரையும் ஓவியம். காவி நிற மனிதர்கள் முழங்கால் மடித்து வரிசையாக ஆடுகிறார்கள். உடம்பெல்லாம் மயிரிழை போல வெள்ளைக் கோடுகள். இன்டர்நெட்டில் இருந்து இறக்கியது. கீழே கொட்டை எழுத்தில் — 'ஆதித் தமிழர் ஆட்டம்'.

எனக்குத் தலை கொதித்தது.

"அண்ணை, இது அவையின்ரை படம். எங்கடை பேரை ஏன் போட்டனீங்கள்?"

"அவையும் எங்கடை ஆக்கள்தான் தம்பி," என்றார் தலைவர். "குமரிக் கண்டம் கடலுக்கை போகேக்கை அங்காலை ஒதுங்கின சனம். ஆயிரக்கணக்கான வருஷப் படம். கீறினவன் வந்து கேக்கப் போறானே?"

பொருளாளர் சிரித்தார். "நாலு எழுத்துப் படிச்ச உடனை எல்லாத்திலையும் பிழை பிடிக்கிறார்."

ஓம், படித்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். அதனால்தானே சங்கத்தின் ஆங்கிலக் கடிதமெல்லாம் என் தலையில்? சரி, இன்னொன்றும் எழுதுவோம் என்று, படம் இருந்த இணையப் பக்கத்தில் கண்ட கலை மையத்துக்கு மின்னஞ்சல் போட்டேன். பானரின் போட்டோவையும், அதில் உள்ள வரியின் அர்த்தத்தையும், பிள்ளைகள் ஆடும் மேடைக்கு என்பதையும் சேர்த்தே அனுப்பினேன்.

நான்காம் நாள் பதில். எழுதியவர் ஓவியரின் மகள்.

"அப்பா உயிரோடு இருக்கிறார். இன்றைக்கும் வரைகிறார். அது எங்கள் ஆட்களில் ஒருவர் இறந்தால் ஆடுகிற ஆட்டம். போன மாதம் அப்பாவின் தம்பிக்கு ஆடினோம். தயவுசெய்து எடுத்துவிடுங்கள். பிள்ளைகளுக்கு வேறு படம் தருகிறோம். காசு வேண்டாம். அப்பாவின் பெயரை மட்டும் போடுங்கள்."

அடுத்த கூட்டத்தில் இதைத் தமிழில் வாசித்துவிட்டுக் கேட்டேன். ஊரில் எங்கள் கிராமத்தின் பெயரை எவனாவது மாற்றி எழுதினால் லண்டன் ரோட்டில் கொடி பிடிக்கிறவர்கள் நாங்கள். உயிரோடிருக்கும் ஒரு மனிதரின் ஆட்டத்துக்கு எங்கள் பெயரை ஒட்டினால் மட்டும் அது வரலாறா? சொந்தம் கொண்டாடிக்கொண்டு எடுத்தால் களவு களவில்லையா...?

தலைவர் அசையவில்லை. டீச்சர்தான் எழும்பினார்.

"செத்தவீட்டு ஆட்டத்துக்கு முன்னாலை என்ரை பிள்ளையளை ஆட விடமாட்டன். கழட்டுங்கோ அதை!"

தலைவர் முகம் வெளுத்தது. நியாயம் அசைக்காத மனிதரைத் துடக்கு — சாவுத் தீட்டு — அசைத்தது! பத்து நிமிடத்தில் பானர் சுருண்டது.

புதுப் படம் வந்தது. ஓவியரின் பெயரோடு மேடையேறியது. அந்த மகளுக்கு நான் எழுதிய மன்னிப்புக் கடிதத்தில் மட்டும் தலைவர் கையெழுத்து வைக்கவில்லை. "ஏற்கெனவே நட்டம் தம்பி," என்றார்.

நட்டம் எவ்வளவு தெரியுமா? இரண்டாவது பானர் அடித்த கூலி — இருநூற்று நாற்பது பவுண்ஸ்.