ஆமென் இன்னும் வரவில்லை

எங்கள் ஓட்டுநர் பள்ளியில் அவருக்கு ஆமென் அக்கா என்று பெயர். முன்பு பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். ஒரு வண்டி நிறைய ஊரார் வீட்டுப் பிள்ளைகளைச் சுமந்த பழக்கமோ என்னவோ, கார் கிளம்பும் முன் கண்ணைத் திறந்துகொண்டே சத்தமாக ஜெபிப்பார்.

"ஆண்டவரே, கண்ணாடியில தெரியற சைக்கிள்காரரைக் காப்பாத்தும். கண்ணாடியில தெரியாத சைக்கிள்காரரையும் காப்பாத்தும். போனைப் பாத்துக்கிட்டே ரோட்டைக் கடக்குற அந்தம்மாவுக்குக் கொஞ்சம் புத்தியைக் குடும். குப்பைத்தொட்டிக்குப் பின்னால படுத்திருக்குற பூனையை மறந்துடாதேயும். எல்லாரையும் இந்தத் தம்பி கையிலேருந்து காப்பாத்தும். ஆமென்!"

ஆமென் என்றதும் நான் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும். அதுவே கணக்கு.

நான் இந்த நாட்டுக்குப் புதிது. கடையில் பால் வாங்குவதற்குக்கூட இரண்டு மொழியில் ஒத்திகை பார்த்துவிட்டுப் போகிறவன். ஓட்டுநர் தேர்வில் இரண்டு முறை மண்ணைக் கவ்வியிருந்தேன். அக்காவின் காலடியிலும் ஒரு பிரேக் இருப்பதைப் பார்த்து, "இவ்வளவு விசுவாசம் இருக்கே, அப்புறம் இது எதுக்குக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"விசுவாசம் மேல, பிரேக் கீழ. ரெண்டும் வேணும் தம்பி, உனக்கு ரெண்டுமே பத்தாது."

அக்காவின் வீட்டுக்காரர் கடவுள் இல்லை என்கிற கட்சி. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசல்வரை கூடவே வந்து, "உள்ள யாராவது இருந்தா நான் விசாரிச்சேன்னு சொல்லு" என்பாராம். "சொன்னேன். அவரும் உங்களைத்தான் விசாரிச்சாரு" என்று அக்கா வெளியே வந்து சொல்வாராம். அந்த மனிதருக்கு முதுகு பிடித்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாத சமயம் அது. அக்காவின் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

அப்போது பார்த்து ஒரு புகார் வந்தது. கொடுத்தவர் ஒரு பல் டாக்டர். ஊரில் பாதிப் பேரை அதட்டி வாயைத் திறக்க வைப்பவர்.

"கத்துக்க வந்தவன் நான். ஊரையே என்கிட்டேருந்து காப்பாத்தச் சொல்றாங்க. நான் என்ன புயலா?"

முதலாளி அக்காவைக் கூப்பிட்டார். "இது டிரைவிங் ஸ்கூலா, சர்ச்சா? நாலு விதமான ஜனங்க வர்ற இடம்மா. இனிமே வண்டிக்குள்ள ஜெபச் சத்தம் கேட்டா, சாவியை வெச்சுட்டுக் கிளம்பிடணும்."

"இனிமே சத்தமாச் சொல்ல மாட்டேன் முதலாளி. ஆனா நிறுத்த மாட்டேன். மனசுக்குள்ள சொல்லிக்கறேன்."

"மனசுக்குள்ள என்ன வேணா பண்ணுங்க. அங்க எனக்கு ஜோலி இல்ல."

அதன்பிறகு அக்காவின் உதடு மட்டும் அசையும். முடிந்ததும் என் பக்கம் திரும்பித் தலையாட்டுவார். ஆமென் வந்துவிட்டது என்று புரிந்துகொண்டு காலை எடுப்பேன்.

மூன்றாவது தேர்வு நாள். அதிகாரி என் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்கா பின்சீட்டில். முதலாளி ஜன்னலோரமாக வந்து நின்றார்.

"கிளம்பலாம்" என்றார் அதிகாரி.

பெல்ட், கண்ணாடி எல்லாம் சரி. கால் மட்டும் பிரேக்கை விட மாட்டேன் என்றது. பின்சீட்டில் இருக்கிறவர் தலையாட்டினால் எனக்கு எப்படித் தெரியும்?

"கிளம்பலாம்னேன்."

"ஒரு நிமிஷம் சார். ஆமென் இன்னும் வரல."

வாய் தவறி வந்துவிட்டது. அதிகாரி வெளியே எட்டிப் பார்த்தார். "யாருங்க அது? அவருக்கும் இன்னைக்குத்தான் டெஸ்டா?"

ஜன்னலில் முதலாளியின் முகம் காற்றுப்போன பலூன் ஆனது. அதிகாரி பின்னால் திரும்பினார். "ஏம்மா, இவர் யாரையோ எதிர்பார்க்குறாரு. உங்களுக்கு அவரைத் தெரியுமா?"

தெரியாது என்று ஒரு வார்த்தை போதும், வேலை தப்பிக்கும். பையன் பயத்தில் உளறுகிறான் என்றால் யாரும் நம்புவார்கள், என் முகராசி அப்படி. அக்கா வாயைத் திறந்தார். மூடினார். அந்த நேரம் பார்த்துப் பின்னால் நின்ற வண்டிக்காரர் பொறுமை இழந்து ஹார்ன் அடித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், கொக்கரக்கோ என்றே கேட்டது.

அக்காவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. "போச்சு, சேவலே கூவிடுச்சு! பைபிள்ல மூணு தரம் இயேசுவைத் தெரியாதுன்னு சொல்லிட்டு, சேவல் கூவினதும் அழுதாரே ஒருத்தர், அந்த கதி எனக்கு வேண்டாம். தெரியும் சார், நல்லாவே தெரியும். வண்டி எடுக்குமுன்ன நான் ஜெபம் பண்ணுவேன். ஆமென்னு சொன்னாத்தான் தம்பிக்குக் கால் நகரும். சொல்லிடறேன். ஆமென்!"

கால் தானாக எழுந்தது. கார் வெண்ணெயில் கத்தி மாதிரி போனது. ஒவ்வொரு திருப்பத்திலும் கண்ணாடியில் தெரியாத சைக்கிள்காரரைத் தேடித் தேடித் திரும்பிப் பார்த்தேன். அதிகாரி கீழே இறங்கும்போது, "பாஸ். ஆமென் சாருக்கும் சொல்லிடுங்க" என்றார்.

அக்கா நேராகப் போய்ச் சாவியை முதலாளியிடம் நீட்டினார். "உங்க பேச்சை மீறிட்டேன் முதலாளி. இந்தாங்க."

முதலாளி சாவியைப் பார்த்தார், காரைப் பார்த்தார். "வண்டியை யாரு திருப்பி எடுத்துட்டுப் போறது?"

"நீங்கதான்."

அவர் கிட்டே வந்து கிசுகிசுத்தார். "எனக்கு லைசென்ஸ் கிடையாதும்மா. ஸ்கூலே மாமனாரோடது."

"நான் வேணா ஓட்டட்டுமா?" என்றேன்.

"நீ சும்மா இருப்பா. எனக்குப் பொண்டாட்டி புள்ளைங்க இருக்கு."

மூவரும் சிரித்த சிரிப்பில் தேர்வு அலுவலகக் காவலாளி ஓடிவந்தார். கடைசியில் அக்காதான் ஓட்டினார். வழியில் முதலாளி சொன்னார்: "சரி, இனிமே ஒண்ணு பண்ணுங்க. முதல்ல வர்றவங்களைக் கேளுங்க. வேணும்னா சத்தமாச் சொல்லுங்க. வேண்டாம்னா மனசுக்குள்ள."

அக்கா தலையாட்டினார். "இது எனக்கே தோணியிருக்கணும் முதலாளி. ஆண்டவரே கதவைத் தட்டிட்டு வெளியில நிக்கிறவரு. நான்தான் கதவை உடைச்சிக்கிட்டு இருந்திருக்கேன்."

அடுத்த வாரம் பல் டாக்டரின் முறை. "ஜெபம் வேணுமா டாக்டர்?" என்று அக்கா மரியாதையாகக் கேட்டிருக்கிறார்.

"எனக்கு வேண்டாம்மா."

டாக்டர் பெல்ட்டை மாட்டினார். சாவியைத் திருகினார். கண்ணாடியைப் பார்த்தார். ஸ்டியரிங்கிலிருந்து மெல்லக் கையை எடுத்தார்.

"அந்த சைக்கிள்காரருக்கு மட்டும் ஒண்ணு சொல்லிடுங்க."