மூன்றாம் அத்தியாயத்துக்கு

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். கதை எழுதப் பழகியவன்தானே, இதையும் ஜோடித்திருப்பான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜோடிப்பதாக இருந்தால் என்னை இவ்வளவு கேவலமாகவா ஜோடித்திருப்பேன்? நடந்தது 1972, நவம்பர் 19, ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். மணி பன்னிரண்டு பத்து.

அப்போது பழவேற்காடு ஏரிக்குள் இருக்கும் ஒரு குப்பத்தில் நான் ஆரம்பப் பள்ளி வாத்தியார். மீஞ்சூரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். பஸ், பிறகு படகு என்று தினமும் போய் வருவேன். நாவல் எழுத வேண்டும் என்ற பைத்தியம் தலைக்கேறியிருந்த நேரம். எழுதிவைத்த சிறுகதைகளைச் சென்னையில் ஒரு பத்திரிகையில் இருந்த ஜோசப் என்பவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"உங்க கதையில மீன்காரி, கலெக்டர், கைக்குழந்தை எல்லாரும் வாத்தியார் மாதிரியே பேசறாங்க. ஆறு மாசம் எதுவும் எழுதாதீங்க. ஆளுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அவங்க பேசறதை அப்படியே குறிச்சு வைங்க. அப்புறம் நாவலைத் தொடங்குங்க."

உடனே வாங்கினேன், இருநூறு பக்க நோட்டு. ஆள் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை. வெளியூர் வேலைக்குப் போன புருஷனுக்கும் மகனுக்கும் கடிதம் எழுதச் சொல்லி, எழுதப் படிக்கத் தெரியாத குப்பத்துப் பெண்கள் மதிய இடைவேளையில் என்னிடம்தான் வருவார்கள். எழுதியதை மீஞ்சூரில் தபால் பெட்டியில் போடுவதும் நான்தான். அதுவரை அவர்கள் பேச்சைத் திருத்தி, 'நலம், நலமறிய ஆவல்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். ஜோசப் சொன்ன பிறகு திருத்துவதை விட்டேன்.

நவம்பர் 14, செவ்வாய். கோவிந்தம்மா இன்லண்டு லெட்டரோடு வந்தாள். அவள் புருஷன் பச்சையப்பனை நான் பார்த்ததில்லை. கவரைப்பேட்டை பக்கம் ஓர் அரிசி ஆலையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தான். 'பாடு' விழுகிற நாளில் மட்டும் ஊருக்கு வருவான். ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டு முறை வைப்பார்கள். அதுதான் பாடு. அன்றைக்கு ஆள் இறங்காவிட்டால் அந்த முறை போச்சு. அதனால் என்ன ஆனாலும் வந்துவிடுவான். அந்தச் சனிக்கிழமை ராத்திரி அவன் முறை.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.

"மாமா, மானம் இருட்டிக்கினு கீது. மொகத்துவாரத்துல தண்ணி பேய் மாதிரி இழுக்குது. இந்த தபா பாட்ட உன் தம்பி குப்புராஜ் பாத்துக்கும். ஊர்ல ஒத்துக்கினாங்க. நீ வராத. மீறி வந்தின்னா உன்னாண்ட நான் பேசவே மாட்டேன்."

எனக்குப் புல்லரித்தது. ஆறு மாதமாகக் காத்திருந்த குரல் இது. அவள் கவனிக்காதபோது ஓரத்தில் சிவப்பு மையால் குறித்தேன்: 'மூன்றாம் அத்தியாயத்துக்கு. அருமை.'

"இன்னிக்கே போட்டுடு சார்."

"போட்டுடறேன்மா."

போடவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். நகல் எடுத்துக்கொண்டு போடலாம் என்று நோட்டுக்குள் வைத்தேன். புதன்கிழமை பள்ளிக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். வியாழக்கிழமை, நகலில் இந்த உயிர் வராதே என்று ஒரு சாக்கு. வெள்ளிக்கிழமை, இனிமேல் போட்டும் போய்ச் சேராது என்று எனக்கே தெரிந்துவிட்டது. அதோடு அதை நினைப்பதையே விட்டேன். நான் அப்படிப்பட்ட ஆள்தான்.

சனிக்கிழமை முழுக்கப் பேய்மழை. ஞாயிறு காலை வெறித்து, வெயில் சுள்ளென்று அடித்தது. நாவலைத் தொடங்க நல்ல நாள் என்று மேஜையில் உட்கார்ந்தேன். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்தேன். கடிதத்தைப் பேனாவுக்குப் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

12.10.

ஏரிச்சேற்று நாற்றம் அடித்தது.

மீஞ்சூரில் ஏது ஏரிச்சேறு? செருப்பில் ஒட்டியிருக்கும் என்று நினைத்தேன். குனிந்து பார்த்தேன். செருப்பு சுத்தமாக இருந்தது.

12.13. சொட்... சொட்... சொட்...

குழாயை மூடினேன். சத்தம் நிற்கவில்லை. பின்னாலிருந்து வந்தது.

திரும்பினேன்.

அறைக்குள் ஒருவன் நின்றிருந்தான். காக்கிச் சட்டை. தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. வெளியே வெயில் கண்ணைக் கூசவைத்தது.

"யாருப்பா?"

"பச்சையப்பன். கோவிந்தம்மா ஊட்டுக்காரன்." தொண்டையில் சளி கட்டியவன் குரல். "எனக்கு ஒரு லெட்டர் கீதாமே."

என் கை தானாகக் கடிதத்தை எடுத்தது. அவன் வாங்கவில்லை.

"படி."

படித்தேன். 'நீ வராத' என்ற இடத்தில் அவன் தலையை ஆட்டினான்.

"வர வாணாம்னு சொல்லிக்கிறா."

"ஆமா."

"என்னிக்கி எயுதுனது?"

"செவ்வாய்க்கிழமை."

சொட்... சொட்...

"இன்னிக்கி இன்னா கெயம?"

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

அவன் கை நீட்டினான்.

கொடுத்தேன். விரல் பட்டது.

ஐஸ்.

மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தான்.

கண் சிமிட்டினேன்...

ஆள் இல்லை.

12.21.

அப்போது எனக்கு வந்தது என்ன தெரியுமா? பயம் இல்லை. நிம்மதி. ஆள் ஊருக்குப் போகவில்லை, வழியில் என்னைத் தேடி வந்து வாங்கிக்கொண்டு போய்விட்டான், தப்பித்தோமடா என்று நினைத்தேன். பேனாவை எடுத்து மாலைவரை எழுதினேன். ஒன்பது பக்கம். என் ஆயுசில் நன்றாக வந்த ஒன்பது பக்கம் அவைதான். சொல்லவே கூசுகிறது.

விளக்குப் போட எழுந்தபோதுதான் தரையைப் பார்த்தேன். ஈரக்கால் தடம் காய்ந்து, உப்புப் பூத்து வெள்ளையாக இருந்தது. உள்ளே வந்த தடம் இருந்தது. வெளியே போன தடம் இல்லை.

திங்கட்கிழமை காலை 9.35. படகு கரை தட்டும் முன்பே அழுகைச் சத்தம் கேட்டது.

கரையில் பச்சையப்பனைக் கிடத்தியிருந்தார்கள். அதே காக்கிச் சட்டை. அவன் தம்பி குப்புராஜ் அழுதுகொண்டே சொன்னான்.

"சனிக்கெயம சாயங்காலம் வந்துக்கிறான் சார். மயைல படகு உடமாட்டேன்னுட்டாங்க. பாடு பூடுமேன்னு தோணிய எத்துக்கினு தனியா வந்துட்டான். ஆறு மணிக்கெல்லாம் கவுந்துச்சு. இப்பத்தான் மேல வந்தான்."

சனிக்கிழமை. ஆறு மணி.

ஓடிவிட நினைத்தேன். அதற்குள் கோவிந்தம்மா பார்த்துவிட்டாள். முந்தானையிலிருந்து எதையோ எடுத்துக்கொண்டு வந்தாள்.

"லெட்டர் போய்த்தான் கீது சார். பையில வச்சுக்கினு கீறான். நான் வராதன்னு சொன்னதப் படிச்சுட்டுத்தான் வந்துக்கிறான். எம் பேச்சுக்கு ஒரு மதிப்பு இல்ல பாத்தியா? பேச மாட்டேன்னு சொன்னேன்... இப்ப நான் கத்துறேன், அவன் பேச மாட்டேன்றான்."

இரண்டு நாள் தண்ணீரில் ஊறிய சட்டைப் பையிலிருந்து எடுத்த கடிதம். மொடமொடவென்று காய்ந்திருந்தது. ஓர் எழுத்துகூடக் கரையவில்லை. தபால் முத்திரை இல்லை.

'நான்தான்மா போடவில்லை.' சொல்ல வாய் திறந்தேன். நிஜமாகவே திறந்தேன்.

அவள் ஓரத்தில் விரலை வைத்தாள்.

"இந்த செவப்பு எயுத்து இன்னா சார்?"

சுற்றி எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அது... தபால்காரங்க போடறதும்மா."

கோவிந்தம்மா அந்தச் சிவப்பு எழுத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.