ஆயிரம் பேர் ஏறி இறங்கின கார்

வவுணதீவுப் பக்கத்தில் யாராவது பழைய வாகனம் வாங்கப் போனால் முதலில் கனகசிங்கத்தைத்தான் தேடி வருவார்கள். பெண் பார்க்கப் போகிறவர்கள் பேசத் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போவார்களே, அந்த மாதிரி. மனிதர் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். சைக்கிளைத் தவிர எந்த வாகனமும் அவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. கார் ஓட்டத் தெரியாது. பொனெட்டைத் திறந்து காட்டினால் எது எதுவென்று சொல்லத் தெரியாது. ஆனால் எதைக் காட்டினாலும் குறை சொல்லத் தெரியும். குறை சொல்கிறவனுக்கு விஷயம் தெரியும் என்று நம்புகிற சனம் இருக்கும் வரை இப்படிப்பட்டவர்களின் பிழைப்புக்குப் பஞ்சமில்லை.

அவர் கார் பார்க்கும் அழகே தனி. மினுக்கின வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றுவார். செருப்புக் காலால் டயரை ஒரு தட்டு. கதவை ஒருமுறை திறந்து சாத்தி, சத்தத்தைக் கேட்டு உதட்டைப் பிதுக்குவார். பிறகு அவருடைய ஒரே கேள்வி வரும்: "ஆர் பாவிச்ச வாகனம்?" ஆசிரியர் பாவித்தது என்றால், வாத்திமாருக்குச் செலவழிக்க மனம் வராது, ஒயிலே மாத்தியிருக்க மாட்டார் என்பார். கடைக்காரர் என்றால் மூட்டை ஏற்றிக் கெடுத்திருப்பார். இளந்தாரி என்றால் அடித்து முறித்திருப்பான். பெண்பிள்ளை என்றால் கியர்ப்பெட்டி போயிருக்கும். இவ்வளவையும் சொல்லி முடித்துவிட்டு, கூட்டிப் போனவர்களின் செலவில் கோழிக்கறியோடு சாப்பிட்டு வீடு வருவார். அவர் பேச்சைக் கேட்டு வாங்காமல் விட்டவர்களுக்கு, விட்டது நல்ல காரா கெட்ட காரா என்று கடைசிவரை தெரியாது. அதனால் அவர் சொன்னது பிழையானதே இல்லை.

அவருடைய மனைவி சீதேவி இதையெல்லாம் முப்பது வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கலியாணமான புதிதில் புருஷன் பெரிய கெட்டிக்காரன் என்று அவளும் நினைத்ததுண்டு. அது ஒரு வருடத்தில் தெளிந்துவிட்டது. மிச்சக் காலமெல்லாம் அந்த வெள்ளைச் சேட்டுக்குக் கஞ்சி போடும்போது அவளுக்கு வாயில் கசப்புத்தான் ஊறியது.

வீடு ஓடியது சீதேவியின் கையால். சோற்றுப் பார்சல் கட்டிக் கொடுப்பது அவள் தொழில். இருபது பார்சலில் தொடங்கியது, வாவிக்கு அந்தப் பக்கம் மட்டக்களப்பு நகரத்தில் ஒரு தனியார் பயிற்சி நிலையத்தின் மதியச் சாப்பாடு அவளுக்குக் கிடைத்ததும் நூறைத் தாண்டிவிட்டது. நிபந்தனை ஒன்றுதான். பன்னிரண்டு மணிக்குச் சாப்பாடு மேசையில் இருக்க வேண்டும். இரண்டு ஓட்டோவில் அடுக்கிக்கொண்டு போனால் குழம்பு சிந்துகிறது, வாடகை லாபத்தைத் தின்கிறது. ஆகவே சீதேவி தாய்வழியில் தனக்கு வந்த வட்டைக்காணியில் ஒரு துண்டை விற்றாள். மழைக்கும் வெள்ளத்துக்கும் தப்பி மூன்று தலைமுறை சோறு போட்ட வயல் அது. விற்ற அன்று அழுதாள். மறுநாளே நகரத்தில் கார் பழகப் போய்ச் சேர்ந்தாள். ஐம்பது வயதில் ஸ்டியரிங் பிடிக்கப் போகிறாளாம் என்று கனகசிங்கம் சிரித்தார். முதல் தடவையிலேயே லைசன்ஸ் கிடைத்தபோது, இப்போதெல்லாம் எல்லாருக்கும் கொடுக்கிறார்கள் என்றார்.

முதலில் பார்த்தது ஓட்டமாவடியில் மர்சூக்கின் கார். மர்சூக் வெளிநாடு போகிறவர்களை விமான நிலையத்துக்கு ஏற்றிப் போகும் ஹயர்காரன். வான் ஒன்று எடுக்கப் போவதால் காரை விற்கிறான். மீற்றரில் இருந்த ஓட்டத்தைப் பார்த்ததுமே கனகசிங்கம் இரண்டு அடி பின்னுக்குப் போனார். சீதேவி போகவில்லை. வருடத்துக்கு இது எவ்வளவு தின்னும், நடுவழியில் நின்றால் உதிரிச் சாமான் எங்கே எடுப்பது என்று கேட்டாள். மர்சூக் ஒளிக்கவில்லை. பின் டயர் இரண்டும் இந்த வருடம் மாற்ற வேண்டும், முன் ஷொக் ஒன்று களைத்துவிட்டது, மற்றபடி எந்தச் சின்னக் கடையிலும் இதற்குச் சாமான் இருக்கும் என்றான். பிறகு பொனெட்டைத் தட்டிக்கொண்டு சொன்னான்:

"அக்கா, இது நடுறோட்டில நிண்டா ஒரு ஆள்ர பிளைட் போயிரும். வட்டிக்கு எடுத்துக் கட்டின விசாவும் போயிரும். அதால இத நான் ஒருநாளும் நிக்க உட்டதில்ல."

வாகனம் வாங்குகிறவளுக்கு இதற்கு மேல் என்ன உத்தரவாதம் வேண்டும்? சீதேவியின் மனம் அந்த இடத்திலேயே காரில் ஏறி உட்கார்ந்துவிட்டது. கனகசிங்கம் தொண்டையைச் செருமினார்.

"ஆயிரம் பேர் ஏறி இறங்கின கார். குடும்பத்துக்குச் சரிவராது."

அவர் சொன்ன விதம் காரைப் பற்றிச் சொன்னது போலவே இல்லை. மர்சூக்கின் முகம் சுருங்கிப் போயிற்று. உள்ளே தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்த அவனுடைய மனைவி றுமைஸாவுக்கும் கேட்டிருக்கும். சீதேவிக்கு நிலத்தைப் பார்க்கத்தான் முடிந்தது. பஸ்ஸில் வீடு வரும்வரை அவள் புருஷனோடு பேசவில்லை. அந்த மனிதர் அதைக்கூடக் கவனிக்காமல் ஜன்னல் பக்கம் தலையைச் சாய்த்து நித்திரை கொண்டார்.

அடுத்த கிழமை கல்லடியில் அருமைத்துரை என்ற ஓய்வு பெற்ற பெரிய உத்தியோகத்தரின் வீட்டுக்குப் போனார்கள். வாவிக் கரையோரம் கொட்டில் ஒன்றில், பூப்போட்ட படுக்கை விரிப்பால் மூடி நின்றது கார். எங்கும் காணாத ஒரு ஐரோப்பிய வகை. விரிப்பை உருவியதும் மினுமினுவென்று இருந்தது. கனகசிங்கம் வழக்கம்போல் கையைப் பின்னால் கட்டினார். டயரைத் தட்டக் காலைத் தூக்குவதற்குள் அருமைத்துரை, "தம்பி என்ன குடி?" என்று கேட்டார்.

மட்டக்களப்பில் தாய்வழியாக வருவது குடி. ஒரே குடிக்காரர் என்றால் அண்ணன் தம்பி முறை. இரண்டு பேரும் ஒரே குடி என்று தெரிந்தது. எந்தக் கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த மரியாதை என்று பேச்சுத் தொடங்கியது. தூக்கிய கால் நிலத்துக்கு வந்துவிட்டது. ஊரிலுள்ள காரையெல்லாம் ஏளனம் செய்த வாய், "அண்ணன்ட கை பட்ட வாகனமெண்டா பிறகென்ன பார்க்கக் கிடக்கு" என்றது. பொனெட்டைத் திறக்கச் சொல்லவில்லை. ஸ்டார்ட் பண்ணச் சொல்லவில்லை. கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் தவிர எடுத்ததில்லை, கடைசி மூன்று வருடமாக அதற்கும் எடுக்கவில்லை என்று அருமைத்துரை பெருமையாகச் சொன்னார். சாமான் எங்கே எடுப்பது என்று சீதேவி கேட்டாள். இதற்கு இதுவரை சாமானே தேவைப்பட்டதில்லை என்று சிரித்தார். ஓடாத காருக்கு என்ன தேவைப்படும்?

அருமைத்துரையின் மனைவி வந்து சீதேவியை உள்ளே கூட்டிப்போய்ப் பலகாரம் வைத்தார். அவள் திரும்பி வருவதற்குள் கனகசிங்கம் வாக்குக் கொடுத்து முடித்திருந்தார். சொன்ன விலையில் ஒரு சதம் குறைத்துக் கேட்கவில்லை. குடிக்குள்ளே பேரம் பேசுவது மரியாதை இல்லையாம். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டுவோம் என்று சீதேவி வாசலில் வைத்துக் காதோடு சொன்னதற்கு, சொந்த அண்ணனைச் சந்தேகப்படச் சொல்கிறாயா என்று பல்லைக் கடித்தார். கொட்டிலில் எலிப்புழுக்கை கிடந்தது என்றாள். பெரிய வீட்டில் எலி இருக்காதா என்றார்.

"கார் உங்கட குடியா இருக்கட்டும். காசு எங்கட குடி" என்றாள் சீதேவி.

ஆனால் கொடுத்த வாக்கை அவளால் மாற்ற முடியவில்லை. அவர் தலை குனிந்தால் நாளைக்கு ஒரு சாவீட்டுக்குக்கூட அந்தப் பக்கம் போக ஏலாது. மர்சூக்கிடம் திரும்பிப் போகவோ முகமில்லை. தாயின் வயல் அன்று பூப்போட்ட விரிப்போடு வீட்டுக்கு வந்து சேர்ந்தது.

ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் வலையிறவுப் பாலத்தின் நடுவில் நின்றது. உள்ளே நூற்றுப் பத்துப் பார்சல், மீன் குழம்பும் கீரையும். முன் சீட்டில் வெள்ளைச் சேட்டோடு கனகசிங்கம். சூடாகியிருக்கும், கொஞ்சம் ஆறட்டும் என்றார். கீழே வாவியில் தோணிக்காரர்கள் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தங்கள் வலையைக் கவனித்தார்கள். சீதேவி வெயிலில் நின்று ஓட்டோக்களை மறித்து, சாப்பாட்டை மாற்றி ஏற்றி, நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பிள்ளைகள் பசியோடு வகுப்புக்குத் திரும்பிவிட்டார்கள். பொறுப்பாளர் இன்ஷிரா கோபிக்கவில்லை. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பார்க்கச் சொல்வார்கள் அக்கா, என் கையில் இல்லை என்று மட்டும் சொன்னாள். கோபித்திருந்தால் சீதேவிக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

கராச்சில் பொனெட்டைத் திறந்தார்கள். பாதி வயரை எலி தின்றிருந்தது. நின்ற நிலையில் பெட்றோல் டாங்கியின் உட்புறம் துருப்பிடித்து, ரப்பர் குழாய்கள் வெடித்துக் கிடந்தன. உப்புக்காற்று அடிப்பக்கத் தகரத்தைத் தின்றதை மேலே பூசிய பெயின்ட் மறைத்திருந்தது. சாமான் கொழும்பில் ஒரேயொரு பழைய இரும்புக் கடையில், அதுவும் இருந்தால்தான். அருமைத்துரைக்குப் போன் எடுத்தபோது, என்னிடம் இருந்தவரை ஒரு கரைச்சலும் தரவில்லையே என்றார். அதில் பொய்யில்லை. கனகசிங்கமோ, அண்ணன் மனம் நொந்துவிடுவார், இனி எடுக்காதே என்று போனைப் பறித்து வைத்தார். மனைவியின் வயல் எலியின் வயிற்றுக்குள் போனதைப் பற்றி அவர் மனம் நொந்ததாகத் தெரியவில்லை.

ஒருவாறு காரை ஓட வைத்தார்கள். ஆனால் தானாக ஸ்டார்ட் ஆகாது. தள்ள வேண்டும். அதற்குரிய சாமான் வரும் வரும் என்று இரண்டு மாதம் போயிற்று. தினமும் காலையில் பார்சலை ஏற்றிவிட்டுச் சீதேவி ஸ்டியரிங்கில் உட்கார, கனகசிங்கம் பின்னால் நின்று தள்ளினார். மதவடியில் நிற்கிற சனம் முதல் கிழமை கை கொடுத்தது. பிறகு சிரித்தது. பிறகு சிரிக்கவும் அலுத்துவிட்டது. போகிற வழியில் எங்கும் இன்ஜினை நிறுத்த முடியாமல் அவள் அந்தப் பாலத்தைக் கடந்துகொண்டிருந்தாள்.

அப்படி ஒரு காலையில் ஜெயந்தன் மோட்டர் சைக்கிளில் வந்தான். புதிதாக வங்கியில் வேலை கிடைத்த பையன். ஓட்டமாவடியில் மர்சூக் என்ற ஒருவரிடம் கார் இருக்கிறதாம், இன்னும் விற்கவில்லையாம், மாமா வந்து ஒருக்கால் பார்த்துச் சொல்ல வேண்டும் என்றான். கனகசிங்கத்தைப் போல ஊருக்கு ஒருவர் இருந்தால் எந்த நல்ல கார் விற்கும்? வியர்வையில் நனைந்த சேட்டோடு, காரின் பின்புறத்தில் இரண்டு கையையும் ஊன்றியபடி கனகசிங்கம் மூச்சு வாங்கினார். ஸ்டியரிங்கில் இருந்த சீதேவி கண்ணாடிக்குள்ளால் அவரையே பார்த்தாள். முப்பது வருடத்தில் ஒருமுறை, ஒரேயொருமுறை, நான் பிழை விட்டுவிட்டேன் தம்பி என்று சொல்ல அவருக்கு ஒரு சந்தர்ப்பம். அவளுக்குமே அது தேவையாக இருந்தது.

மனிதர் நிமிர்ந்தார். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அது ஆயிரம் பேர் ஏறி இறங்கின கார், மகன். வேணாம்."

சீதேவி கண்ணாடியிலிருந்து கண்ணை எடுத்தாள். அவளுக்குள் மிஞ்சியிருந்த ஏதோ ஒன்று அந்த இடத்தில் முடிந்தது. தலையை வெளியே நீட்டி, "தம்பி, மாமா சொல்றதக் கேளு. நீ அத எடுக்காத" என்றாள். மனைவி தன் பக்கம் பேசியதில் கனகசிங்கத்துக்கு முகம் மலர்ந்தது. அந்த உற்சாகத்தில் நன்றாகத் தள்ளினார்.

அன்று சாப்பாட்டைக் கொடுத்த கையோடு சீதேவி வங்கிக்குப் போய்க் கழுத்திலிருந்த தாலிக்கொடியை அடகு வைத்தாள். தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்துக் கட்டிக்கொண்டு ஓட்டமாவடிக்கு பஸ் ஏறினாள். அன்றைக்கு அவர் சொன்னதை மனதில் வைக்க வேண்டாம் என்று அவள் தொடங்க, மர்சூக் தடுத்தான்.

"உடுங்க அக்கா. ஆயிரம் பேர் ஏறினது மெய்தானே. எல்லாரையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கு."

மிச்சக் காசுக்கு, சாமான் தேடிப் போன அதே கொழும்பு இரும்புக் கடைக்கு மற்றக் காரை விற்றாள். அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போனபோது, நம்மட அண்ணன்ட கார் என்று கனகசிங்கம் வாசலில் நின்று கண் கலங்கினார். வயல் விற்ற அன்று அவர் கண் கலங்கவில்லை என்பதைச் சீதேவி நினைத்துக்கொண்டாள்.

மர்சூக்கின் கார் பாலத்தில் நிற்கவில்லை. சொன்னபடி பின் டயர் இரண்டும் முன் ஷொக் ஒன்றும் செலவு வைத்தது, சொல்லாத செலவு எதையும் வைக்கவில்லை. கனகசிங்கம் ஒரு மாதம் அதன் பக்கம் போகவில்லை. ஓட்டோவிலேயே போய்வந்தார். பிறகு கல்லடியில் குடிக்கோயில் திருவிழா வந்தது. அருமைத்துரை வருவார், மரியாதை நடக்கும். கஞ்சி போட்ட வெள்ளைச் சேட்டோடு மனிதர் முற்றத்தில் நின்றார். கஞ்சி இந்த முறை அவரே போட்டதால் திட்டுத் திட்டாக இருந்தது. நகரத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்த மனைவியின் காருக்குப் பக்கத்தில் வந்து, முன் கதவில் கையை வைத்தார்.

"முன்னுக்குச் சோத்துப் பெட்டி இரிக்கு" என்றாள் சீதேவி, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணிக்கொண்டே. "பின்னால போய் ஆயிரத்தியோராவது ஆளா ஏறுங்க."

கனகசிங்கம் சுற்றிப் போய்ப் பின்னால் ஏறினார். கதவு ஒரே சாத்தில் சாத்திக்கொண்டது.