ஒரு வால்வில் மட்டும் அடையாளம் இல்லை

சந்தேகம் எனக்குக் கூடப்பிறந்த குணம் என்று அக்கா சொல்வாள். அது பொய். பிறக்கும்போது நானும் மற்றக் குழந்தைகளைப்போலக் கொடுத்ததை விழுங்குகிறவனாகத்தான் இருந்திருப்பேன். ஆனால் யுத்தம் நடந்த அந்த வருடங்களில், எங்கள் ஊரான கல்லடியில் இருபது வயதைத் தாண்டிய எவனும் சந்தேகப்படாமல் ஒரு நாளைக் கழித்திருக்க முடியாது. நாய் ஏன் குரைக்கிறது, நேற்று வந்த பால்காரன் இன்று ஏன் வரவில்லை, முன்வீட்டில் புதிதாக வந்து தங்கியிருப்பவர் உண்மையிலேயே சொந்தக்காரர்தானா என்று காலையில் பல் துலக்கும்போதே தொடங்கிவிடும்.

ஆகவே ஒரு திங்கட்கிழமை பின்னேரம் என் கிற்றார் பெட்டி சத்தமில்லாமல் நின்றபோது, அது பழுதாகிவிட்டது என்று நான் நினைக்கவில்லை. யாரோ ஏதோ செய்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

பெட்டி என்று நாங்கள் சொன்னது அம்பிளிபயரை. அவுஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு பறங்கிக் கிழவரிடம் வாங்கியது. ட்ரான்சிஸ்டர் வருவதற்கு முந்திய காலத்துச் சாமான். உள்ளே நான்கு கண்ணாடி வால்வுகள். சுவிட்சைப் போட்டால் உடனே பேசாது. வால்வுகள் சூடாகிச் சிவக்கும்வரை அரை நிமிடம் பொறுக்க வேண்டும். பிறகு அது தருகிற சத்தத்தில் ஒரு கரகரப்பு இருக்கும், குரல் நன்றாகப் பழுத்த மனிதரின் பேச்சைப்போல. அந்தக் கரகரப்புக்காகத்தான் எங்கள் இசைக்குழுவில் என்னை வைத்திருந்தார்கள் என்பது என் அபிப்பிராயம். என் வாசிப்புக்காக அல்ல.

வருகிற ஞாயிற்றுக்கிழமை வாழைச்சேனையில் ஒரு கலியாணம். ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எங்கள் குழுவுக்குக் கிடைத்த முதல் அழைப்பு. சனிக்கிழமை எங்கள் குழுவை ஏற்றிக்கொண்டு வான் புறப்படும். அதற்குள் பெட்டி பாட வேண்டும். பாடாவிட்டால் எங்கள் பாடகன் தன் சித்தப்பா மகனைக் கூட்டிக்கொண்டு போய்விடுவான். அந்தப் பொடியனிடம் கிற்றாரும் புதுப் பெட்டியும் இருந்தன. ஒருமுறை அவன் என் இடத்தில் நின்றுவிட்டால் பிறகு எனக்கு அந்த இடம் இல்லை. பயப்படாமல் நான் செய்த ஒரே காரியம் கிற்றார் வாசிப்பது. அதையும் பறிகொடுக்க எனக்கு மனமில்லை.

சுவிட்சைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பின்பக்கத்தால் எட்டிப் பார்த்தேன், நான்கு வால்வும் சிவந்திருந்தன. கிற்றார்க் கம்பியைத் தட்டினேன். ஒன்றுமில்லை. வழக்கமாகக் கேட்கும் மெல்லிய இரைச்சல்கூட இல்லை. சத்தத்தைக் கூட்டுகிற குமிழைக் கடைசிவரை திருகி மறுபடி தட்டினேன். அப்படிச் செய்யக் கூடாது, உள்ளே ட்ரான்ஸ்போமர் கருகிவிடும் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கருகாமல் விட்டது என் நல்ல காலம்.

முதல் சந்தேகம் பாடகன்மேல். போன கிழமை பழகிப்பார்க்க வந்தவன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தான். அடுத்தது எலி. அதற்கடுத்தது எங்கள் ஒழுங்கைக்கு வருகிற கரண்ட். எல்லாவற்றையும் யோசித்துக் கடைசியில் வால்வில் வந்து நின்றேன். வால்வு சிவந்தாலும் உள்ளே செத்திருக்கலாம் என்று எங்கேயோ கேள்விப்பட்டிருந்தேன்.

வால்வைச் சோதிக்கத் தெரிந்தவர் பக்கத்து முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் ஒருவர் இருந்தார். அங்கே அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி நாங்களும் காக்கா என்று கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும். சவூதியிலிருந்து வருகிற ரேடியோக்களும் கசெட் செட்டுகளும் அவர் கடையில் குவிந்து கிடக்கும். சைக்கிளில் போனால் பத்து நிமிடம். ஆனால் தொண்ணூறாம் ஆண்டில் இரண்டு பக்கமும் கொலைகள் நடந்த பிறகு அந்தப் பத்து நிமிடம் நீண்டுவிட்டது. எங்கள் ஆட்கள் அங்கே போவதும் அவர்கள் இங்கே வருவதும் அவசியத்துக்கு மட்டும் என்றாகியிருந்தது. போனாலும் வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும், யாரும் சொல்லாத சட்டம் அது.

முழுப் பெட்டியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றிக்கு முன்னால் போய் நிற்க எனக்குத் துணிவில்லை. வயர் நிறைந்த ஒரு பெட்டியோடு ஒரு தமிழ்ப் பொடியன் வந்தால் என்ன நடக்கும் என்று எல்லாருக்கும் தெரியும். வால்வுகளை மட்டும் கழற்றி எடுத்தேன். அக்கா ஒரு பால்மா டின்னைக் கொண்டுவந்து, தையல் மெசினுக்குக் கீழே கிடந்த வெட்டுத்துணிகளைப் போட்டு, ஒவ்வொரு வால்வாகப் பக்குவமாக உள்ளே வைத்தாள்.

"கவனமாப் பாத்துக் குடுடா தம்பி" என்றாள். "நல்லத எடுத்துப்போட்டு வேற எதையும் போட்டுத் தந்தாலும் நமக்கு என்ன தெரியும்?"

அது எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே என்று வெட்கமாக இருந்தது. உடனே டின்னைத் திறந்தேன். தையல் பழக வருகிற பிள்ளை ஒருத்தி மறந்துவிட்டுப்போன நகப்பூச்சுக் குப்பி மேசையில் இருந்தது. நான்கு வால்வின் அடியிலும் ஒவ்வொரு சிவப்புப் பொட்டு வைத்தேன். கெட்டிக்காரன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

செவ்வாய்க்கிழமை சென்றியில் ஆமிக்காரன் டின்னைத் திறந்து "மொக்கத?" என்றான், என்ன இது என்று சிங்களத்தில். ரேடியோ, ரேடியோ என்றேன். ஒரு வால்வை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்தான், காதருகே வைத்து ஆட்டினான், பிறகு என் முகத்தைப் பார்த்தான். போகச் சொன்னான். காக்கா டின்னை வாங்கி வைத்துக்கொண்டு மறுநாள் வரச் சொன்னார். புதன்கிழமை போனேன்.

"நாலும் நல்லாத்தான் இரிக்கி தம்பி" என்றார். "பழுது வேற எங்கயோ."

காசும் வாங்கவில்லை. காசு வாங்காதது எனக்கு இன்னும் பெரிய சந்தேகமாகிவிட்டது. வீட்டுக்கு வந்து வால்வுகளைப் போட்டுப் பார்த்தேன். சத்தமில்லை. திரும்பக் கழற்றி அடிப்பக்கத்தைப் பார்த்தேன். மூன்றில் சிவப்புப் பொட்டு இருந்தது. நான்கிலும் பெரிய வால்வில் மட்டும் இல்லை.

"மாத்திப்போட்டான்" என்று கத்தினேன்.

அக்கா மெசினை நிறுத்தாமலே "இருக்கும்" என்றாள்.

வியாழக்கிழமை காலையில் நான் அந்தக் கடைக்குப் போன வேகத்தை இன்று நினைத்தாலும் கூசுகிறது. கடையில் வேறு இரண்டு பேர் நின்றார்கள். அவர்களுக்கு முன்னாலேயே கேட்டேன்.

"காக்கா, என்ட வால்வு எங்க?"

"டின்னுக்குள்ள தந்த நான்தானே தம்பி."

"அது என்ட இல்ல. நான் அடையாளம் வச்சுத்தான் தந்தன். சிவப்பு. இதில இல்ல."

அவர் வால்வை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அடையாளம் வைத்தேன் என்று நான் சொன்னதுதான் அவருக்கு முதலில் சுட்டிருக்க வேண்டும். மாற்றிவிட்டார் என்ற குற்றச்சாட்டு அதற்குப் பிறகுதான். மேசைக்குக் கீழே குனிந்து ஒரு அழுக்குத் துணியை எடுத்து விரித்தார்.

"இதுட அடி மட்டும் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கா இரிந்திச்சி. தின்னர் போட்டுத் துடைச்ச. இஞ்ச பாருங்க, சிவப்பு."

துணியில் சிவப்பு இருந்தது. நான் அதையும் நம்பவில்லை. துணி என்றால் அதில் எந்தச் சிவப்பும் இருக்கலாம். நின்ற இருவரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். காக்கா கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

"ஸ்பீக்கரப் பாத்தீங்களா?" என்று என்னைக் கேட்டார், குரலை உயர்த்தாமல். "கரண்டக் கழட்டிப்போட்டு ஒரு டோர்ச் பற்றரி எடுங்க. ரெண்டு துண்டு வயரால ஸ்பீக்கர்ட ரெண்டு காலிலயும் தொடுங்க. டிக் எண்டு கேட்டா அது உயிரோட இரிக்கி. மறுகா அதுக்குப் போற வயர்ர மத்த முனையில தொடுங்க. அங்கயும் கேக்கணும். கேக்காட்டி வயர்லதான் பழுது."

நன்றி சொல்லாமல் வந்தேன்.

வீட்டுக்கு வந்தவுடன் செய்து பார்த்தேன், காக்கா பொய் சொல்கிறார் என்று காட்டுவதற்காகத்தான். பெட்டியின் பின்பலகையைக் கழற்றினேன். பற்றரியை ஸ்பீக்கரில் தொட்டேன். டிக் என்றது. வயரின் மேல்முனையில், வால்வுகள் இருக்கிற தட்டுப் பக்கம், தொட்டேன். சத்தமில்லை. மறுபடி தொட்டேன். இல்லை.

அந்த வயர் பழைய காலத்தது. ரப்பருக்குமேல் பருத்தி நூல் பின்னியிருக்கும், மண்ணிறம். மேலிருந்து கீழாக விரல்களால் தடவிக்கொண்டு வந்தேன். பலகைக்குப் பின்னால் மறைகிற இடத்தில் ஒரு சின்னத் தடிப்பு. இழுத்து வெளிச்சத்தில் பிடித்தேன். பருத்தி உறையை ஒரு அங்குலத்துக்குப் பிரித்து, உள்ளே செம்பை வெட்டி, இரண்டு முனையும் முட்டாமல் நடுவில் துணித்துண்டு ஒன்றைச் செருகி, அதே நிற நூலால் உறையைத் திரும்பத் தைத்திருந்தது. சாரிச் சட்டைக் கையின் விளிம்பை மடித்து வெளியே தெரியாமல் உள்ளுக்குள் எடுக்கிற தையல். பதினைந்து வருடமாக அந்தத் தையலைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்தத் தையலில்தான் என் சாப்பாடு வந்தது.

முன்னறையில் மெசின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வாசலில் போய் நின்றேன்.

"அக்கா, வயரத் தைச்சது நீதானே?"

மெசின் நின்றது. அவள் திரும்பவில்லை.

"ஓம்."

"ஏன்?"

"நீ வாழைச்சேனைக்குப் போறன் எண்டு சொன்னாய்."

அக்காவின் புருசன், என் அத்தான், வாழைச்சேனைக்கு வேலைக்குப் போய்வந்தவர். ஒரு நாள் காலையில் போன பஸ்ஸை வழியில் மறித்து ஆம்பிளைகளை இறக்கினார்கள். பஸ் வந்து சேர்ந்தது, அவர் வரவில்லை. இறக்கியது யார் என்பதற்கு எங்கள் ஊரில் நான்கு கதை இருந்தது. ஆறு வருடமாக அக்கா நெற்றிப் பொட்டை அழிக்கவில்லை.

"அந்த றோட்டுக்கு ஒரு ஆளக் குடுத்தது காணும்" என்றாள். "அழுது சொன்னா நீ நிப்பியா? நிக்கமாட்டாய். பெட்டி பேசாட்டி நிப்பாய். அதான் வெட்டின நான்."

"நான் அந்த மனிசனக் கள்ளன் எண்டு சொல்லிப்போட்டு வந்திருக்கன். அதுவும் ஆக்களுக்கு முன்னால."

அவள் நூல்கண்டை எடுத்து மேசையில் வைத்தாள்.

"மாத்திப்போட்டான் எண்டு நான் கத்தக்குள்ள, நீதானே 'இருக்கும்' எண்டு சொன்ன?"

தைத்துக்கொண்டிருந்த துணியை மடித்து மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். எனக்கு ஓங்கி அறையலாம் என்று வந்தது. அறைந்தால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்றும் வந்தது. உள்ளே போய்த் தையலைப் பிரித்து, செம்புமுனைகளை முறுக்கிச் சேர்த்து, வால்வுகளைத் திரும்பப் பொருத்தி, கரண்டைப் போட்டேன். அரை நிமிடம் பொறுத்து ஒரு கம்பியை மட்டும் தட்டினேன். பழைய கரகரப்போடு வீடு முழுக்க நிறைந்தது. உடனே நிறுத்திவிட்டேன்.

நான் போகவில்லை. அக்காவுக்காகப் பெரிய தியாகம் செய்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்த றோட்டில் போக எனக்கும் பயமாகத்தான் இருந்தது. அவள் வெட்டிய வயரைப் பார்த்தபோது கோபத்தோடு கொஞ்சம் நிம்மதியும் வந்தது என்பதை இப்போதாவது சொல்லிவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை பாடகன் வந்தான். பெட்டி சரியா என்று கேட்டான். பயந்து நிற்கிறேன் என்று சொல்ல என்னால் முடியவில்லை. அக்கா வெட்டினாள் என்று சொன்னால் ஊரே சிரிக்கும். வாயில் எது வசதியாக இருந்ததோ அது வந்தது.

"காத்தான்குடியில வால்வக் குடுத்த நான். அந்தக் காக்கா நல்லத எடுத்துப்போட்டுச் செத்த வால்வத் தந்திட்டார். இனிச் சரிவராது மச்சான்."

"எனக்குத் தெரியும்" என்றான் பாடகன். "அவங்களிட்டக் குடுக்காத எண்டு நான் சொல்லியிருப்பன்."

எந்த வால்வு, எப்படித் தெரியும், திரும்பப் போய்க் கேட்டாயா என்று ஒரு கேள்விகூட அவன் கேட்கவில்லை. எலியைச் சொல்லியிருந்தால் வயரைக் காட்டு என்று கேட்டிருப்பான். அவ்வளவு சுலபமாக நம்பப்பட்ட ஒரு பொய்யை அதற்கு முன்னும் பின்னும் நான் சொன்னதில்லை. உள்ளே அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவளும் வெளியே வரவில்லை.

சனிக்கிழமை சித்தப்பா மகனோடு வான் போனது. திங்கட்கிழமை எல்லாரும் சுகமாகத் திரும்பி வந்தார்கள். எனக்கு ஒரு பெட்டி கலியாணப் பலகாரம் கொண்டுவந்து தந்தார்கள். அக்காவும் நானும் அதைச் சாப்பிட்டோம். அதற்குப் பிறகு என்னை அவர்கள் கூப்பிடவில்லை.

ஒரு மாதத்துக்குள் என் பொய் வளர்ந்துவிட்டது. சலூனில் முடி வெட்டிக்கொண்டிருந்தபோது பின்னால் இருந்தவர் சொன்னார், அந்தக் கடையில் ரேடியோ குடுத்தால் உள்ளே இருக்கிறதெல்லாம் மாறித்தான் வரும் என்று. இன்னொருவர் தன் மச்சானுக்கும் அப்படி நடந்தது என்றார். கண்ணாடியில் என் முகம் தெரிந்தது. வெட்டி முடிந்ததும் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

ஏழெட்டு மாதம் கழித்துக் கல்லடிப் பாலத்துச் சென்றியில் பஸ்ஸிலிருந்து எல்லாரையும் இறக்கி வரிசையாக நடக்கவிட்டார்கள். எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். காக்கா. முகத்தைத் திருப்ப எனக்கு நேரம் கிடைக்கவில்லை.

"தம்பி, பெட்டி பேசிச்சா?" என்றார்.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடைத்திருக்காது. வரிசையில் எங்கள் ஊர்க்காரர் மூன்று நான்கு பேர் நின்றார்கள், அவர்கள் காதிலும் விழுந்திருக்கும்.

"இல்ல காக்கா" என்றேன்.

"பற்றரியால பாத்தீங்களா?"

"பாத்தன்."

"அப்ப முழுப் பெட்டியையும் ஒருக்காக் கொண்டு வாங்க. நான் பாத்துத் தாறன். இப்ப ஒங்கட பக்கத்து ஆக்கள் ஒருத்தரும் வாறல்ல. சும்மாதான் இரிக்கன்."

ஏன் வருவதில்லை என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அவர் முகத்தைத் துருவிப் பார்த்தேன். அப்போதும் சந்தேகம்தான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வரிசை நகர்ந்தது. அவர் பையைத் திறந்து காட்ட முன்னால் போனார். நான் ஓம் காக்கா, கொண்டு வாறன் என்று சொல்லிவிட்டு அடையாள அட்டையைக் கையில் எடுத்தேன்.