வாளியில் மிதந்த துணி

"கடிகாரத்தப் பாக்கத் தெரியுது ஒனக்கு. துணியப் பாக்கத் தெரியுமாட்டி?"

நான் சூப்பர்வைசராகச் சேர்ந்த முதல் வாரத்தில் இப்படிக் கேட்டவள், எட்டாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் இருந்தவள். அதன்பிறகு அவள் ராஜபாளையத்துக்குப் பேண்டேஜ் துணி சுற்றும் வேலைக்குப் போனாள். நான் கிருஷ்ணன்கோவிலுக்குக் காலேஜ் பஸ் ஏறினேன். படிப்பு முடிந்து, அவள் துணி சுற்றும் அதே கம்பெனிக்குத்தான் சூப்பர்வைசராக வந்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அவள் சொன்னதைக் கேலி என்று எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டேன்.

ஒரு நாளில் சுற்றும் பேண்டேஜ் ரோல் எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டினால்தான் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். எங்கே நேரம் போகிறது என்று நோட்டும் கையுமாகச் சுற்றினேன். டீ நேரத்தில் பெண்கள் ஒரு விளையாட்டு விளையாடுவார்கள். முந்தின நாள் அவித்து வெளுத்து வந்த ஒவ்வொரு துணிக்கட்டிலும் ஒரு துண்டு வெட்டி, ஆளுக்கொன்றாகத் தண்ணீர் வாளியில் போடுவார்கள். யார் துண்டு கடைசியாக முங்குகிறதோ அவள் எல்லாருக்கும் வடை வாங்க வேண்டும். டீ நேரம் முடிந்தும் சிரிப்பும் சண்டையுமாகக் கால் மணி நேரம் ஓடும். வாளியை எடுக்கச் சொன்னேன். ரோல் கூடியது. அன்றாட எண்ணிக்கை எழுதும் போர்டில் என் கையெழுத்தே எனக்கு அழகாகத் தெரிந்தது.

அடுத்த மாதம் மதுரை மொத்த வியாபாரி ஒரு லோடைத் திருப்பி அனுப்பினார். ஆஸ்பத்திரியில் அந்தத் துணி ரத்தத்தை உறிஞ்சவில்லையாம். இன்னொன்று திரும்பினால் ஆர்டரும் இல்லை, நீயும் இல்லை என்றார் முதலாளி.

துணியோ பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. பின்னே ஏன்? ஒரு ரோலை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு, வீட்டுக்கே எடுத்துப் போனேன். சொம்புத் தண்ணீரில் ஒரு துண்டைப் போட்டேன். மிதந்தது. அம்மா சோறு வடித்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தபோதும் மிதந்துகொண்டுதான் இருந்தது.

மறுநாள் கையிருப்பில் இருந்த கட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தேன். மிதந்தவை எல்லாமே சாயங்காலம் கடைசியாக அவித்தவை. மழையில் நனைந்த விறகு, ஷிப்ட் முடிகிற அவசரம். அரைவேக்காட்டில் இறக்கியிருக்கிறார்கள். நூலில் இருந்த, தண்ணீரை உள்ளே விடாத எண்ணெய்ப்பசை போகவில்லை, நிறம் மட்டும் மாறியிருக்கிறது.

முன்பெல்லாம் இப்படி ஆகாதா என்று, என்னோடு பெஞ்சில் இருந்தவளிடமே போய்க் கேட்டேன். ஆகுமாம். வாளியில் துண்டு மிதந்தால் அந்தத் துணிக்கட்டை இவர்களே திருப்பி அனுப்பி, மறுபடி அவிக்கச் சொல்வார்களாம்.

"அத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீ எம்புட்டு ரோலுன்னுதான கேட்ட. முங்குதான்னு கேட்டியா?"

அந்தக் கால் மணி நேரத்தை மிச்சம்பிடித்து, யாருக்கும் உதவாத துணியை நான் வேகமாகச் சுற்ற வைத்திருக்கிறேன்.

வாளியை எடுக்கச் சொன்னது நான்தான் என்று முதலாளியிடம் சொன்னேன். அடுத்த லோடு போகட்டும், பார்ப்போம் என்றார்.

இப்போது வாளி, துணி காயும் களத்தின் வாசலில் இருக்கிறது. துண்டு முங்காத கட்டு, ரோல் சுற்றும் மேஜைக்கே வராது. ரோல் கொஞ்சம் குறைந்திருக்கிறது, மறைக்காமல் போர்டில் எழுதுகிறேன். விளையாட்டில் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். நேற்று வடை என் செலவு.

மதுரை லோடு இன்று காலை கிளம்பிவிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் மேலாக ஒரு சின்னத் துண்டு வைத்து, 'தண்ணீரில் போட்டுப் பார்க்கவும்' என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.