சஹருக்கு மூன்று மாத்திரை

கட்டுகஸ்தோட்டையில் றலியாவின் வீட்டு விறாந்தையில், வெள்ளிக்கிழமை தோறும் ஒரு தலையணை செத்துப் பிழைக்கும்.

ஆஸ்பத்திரி அவசரப் பிரிவில் உதவியாளராக வேலை செய்த றலியா, போலி மாத்திரை விழுங்கி மூச்சு மங்கி வந்தவர்கள் பலரைப் பார்த்தவர். யுத்த காலம், சந்தையில் எதையும் மருந்தென்று விற்றார்கள். ஆகவே தெருப் பெண்களைக் கூட்டி, தலையணையின் மேல் பழக்கினார்: தலையைப் பின்னால் சாய்த்து, மூக்கைப் பிடித்து, வாயில் ஊத வேண்டும். மிஞ்சிய மாத்திரையை டொக்டருக்குக் காட்ட எடுத்துப் போக வேண்டும்.

"மீசை வச்சா இது முக்குக் கட ஜவாஹிர் நானா மாதிரியே ஈக்கும்," என்று அதிகம் சிரித்தவள் பஸீஹா, றலியாவின் தம்பி மனைவி.

தம்பி றவூப் லொறிச் சாரதி. முதுகுவலிக்குக் கலகெதரச் சந்தையில் மலிவாக மாத்திரை வாங்கியிருந்தான். நாளுக்கு மூன்று. நோன்பு மாதம் வந்ததும், பகலில் விழுங்க முடியாதே என்று மூன்றையும் விடியுமுன் உண்ணும் சஹர் சாப்பாட்டோடு ஒன்றாக விழுங்கிவிட்டுப் படுத்தான்.

காலையில் பக்கத்து வீட்டிலிருந்து வந்த றலியா, "இன்னும் எழும்பல்லயா?" என்றார்.

"நோன்பாளி, தூங்கட்டுமே மதினி."

குறட்டை விட்டு விட்டுக் கேட்டது. றலியா உள்ளே ஓடினார். உதடு நீலம், கண்மணி குண்டூசித் தலையளவு. உலுக்கியும் அசைவில்லை.

"ஊது, பஸீஹா!"

பஸீஹா ஊதினாள். அதே தெரு ஹாஷிமின் த்ரீவீலரில் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் ஊதிக்கொண்டே போனாள். சோதனைச் சாவடிச் சிப்பாய் எட்டிப் பார்த்து, "யன்ன, யன்ன!" என்று சிங்களத்தில் போகச் சொல்லித் தடையைத் தூக்கிவிட்டான்.

ஊசி போட்டதும் றவூப் கண் விழித்து, "லொறி நிக்கிது, நான் போறன்" என்று எழுந்தான். றலியா எடுத்து வந்த மிச்ச மாத்திரையைப் பார்த்த டொக்டர், உறையில் எழுதியிருப்பது உள்ளே இல்லை என்றார். ஊசியின் வேகம் தணிந்தால் மூச்சு மறுபடி குறையலாம் என்றும் சொன்னார். றலியா தம்பியின் செருப்பைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். சொன்னபடியே மூச்சு மறுபடி குறைய, இன்னொரு ஊசி போட வேண்டியிருந்தது.

நோன்பு திறக்கும் நேரம் றவூப் கட்டிலில் சாய்ந்து கஞ்சி குடித்தான்.

"ஊதினதில என்ட நோன்பு முறிஞ்சீக்குமா மதினி?"

"முறிஞ்சா பொறகு புடிக்கலாம். இவன் முறிஞ்சிருந்தா?"

"கஞ்சியில உப்பு இல்ல," என்றான் றவூப்.

"வாய மூடிட்டுக் குடிங்க!" என்றாள் பஸீஹா.

"வாய மூடிட்டு எப்பிடிடீ குடிக்கிற?"